ஓத நோயும் ஊராட்சியின் கடமையும்

கிராம அபிவிருத்தி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வாய்க்காலும் சாலையும், பள்ளிக்கூடமும் குடிநீர்த் தொட்டியுமே. இவை யாவும் மனிதனுக்காக ஏற்பட்டவை. அம்மனிதன் வரப்பில் நடக்கவும் மண்வெட்டி பிடிக்கவும் இயலாதவனாகித் திண்ணையில் அமர்ந்துவிட்டால், வாய்க்கால் நிறைய நீர் ஓடியும் அவனுக்கு ஆவதென்ன? ஆதலால் உழைக்கும் மக்களின் உடல்நலமும் அபிவிருத்திப் பணியில் ஒரு பகுதியே என்பதை நாம் மறத்தலாகாது.

நோய்களுள் சில ஊரறிய வருவன. காய்ச்சலும் கண்ணோயும் வந்தால் அடுத்த வீட்டாரும் அறிவர், ஆறுதல் கூறுவர், மருத்துவமனைக்கு அழைத்தும் செல்வர். வேறு சில நோய்கள் வேட்டியின் மறைவில் ஆண்டுக்கணக்காக இருந்து, மனைவியன்றிப் பிறர் அறியாதவாறு மனிதனை நலிவிக்கின்றன. ஆண்களின் விரைப்பையில் நீர் கோத்து வீங்கும் நோய் அத்தகையது. இதனை ஓதம் என்றும், அண்டவாதம் என்றும், விரைவாதம் என்றும் ஊருக்கொரு பெயரிட்டு வழங்குவர். இதைப் பற்றி அச்சில் எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பேசாமல் இருந்ததனால் இந்நோய் எந்த ஊரை விட்டும் போய்விடவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, யானைக்கால் நோய்க் கிருமியால் ஓதங்கண்ட ஆண்கள் உலகில் ஏறத்தாழ 2.5 கோடிப் பேர். அதே கிருமியால் கை கால் வீங்கியவர்கள் ஏறத்தாழ 1.5 கோடிப் பேர். வீங்கிய காலை எல்லோரும் காண்கிறோம். அதனினும் மிகுதியாக உள்ள இந்நோயை ஒருவரும் காண்பதில்லை.

ஓதம் என்பது யாது?

விரைப்பையினுள் இருக்கும் விரை ஒவ்வொன்றையும் இரண்டு மடிப்பாக அமைந்த மெல்லிய சவ்வுறை ஒன்று சூழ்ந்துள்ளது. அம்மடிப்புகளுக்கு இடையே சில மில்லி லிட்டர் நீரே இருக்கும். வண்டியச்சுக்கு எண்ணெய் போல, விரை உராய்வின்றி அசைவதற்கு அந்நீர் உதவுகின்றது. சவ்வு ஒருபுறம் நீரைச் சுரக்கின்றது. மறுபுறம் அந்நீர் உடலால் உறிஞ்சப்பட்டு விடுகின்றது. வரத்து வாய்க்காலும் வடிகால் வாய்க்காலும் சீராக உள்ள வயலில் நீர் அளவுக்கு மேல் தேங்குவதில்லை. வடிகால் தூர்ந்துவிட்டால் அதே வயல் குளமாகிவிடுகின்றது. விரையைச் சூழ்ந்த உறையிலும் வடிகால் கெட்டால், அல்லது சுரப்பு மிகுந்தால், நீர் தேங்கிப் பை பெருக்கத் தொடங்குகின்றது. இதுவே ஓதம். தொடக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவில் இருப்பது, கவனியாது விட்டால், சில ஆண்டுகளில் தேங்காய் அளவையும் அடையலாம். ஒரு லிட்டருக்கு மேலும் நீர் கோத்திருப்பது உண்டு.

பெரும்பாலும் இவ்வீக்கத்தில் நோவு இராது. நோவின்மையே இந்நோயின் சூழ்ச்சி எனலாம். நோவு இருந்தால் மனிதன் மருத்துவரிடம் ஓடுவான். இல்லாததனால் நாளைக் கடத்துகிறான். நாளடைவில் பாரம் இழுக்கின்றது; நடக்கையில் தொடை உராய்ந்து புண்ணாகின்றது; மிதிவண்டியில் அமர முடிவதில்லை; சேற்றில் இறங்கி நாற்று நடவும், மரம் ஏறவும், மூட்டை தூக்கவும் தடையாகின்றது. வீக்கம் மிகப் பெரிதாகும்போது ஆண்குறி தோலினுள் புதைந்து, சிறுநீர் கழிப்பதும் இல்லற வாழ்வும் இடருறுகின்றன.

கொசு கொண்டுவரும் புழு

ஓதத்திற்குக் காரணங்கள் பல. பிறந்த குழந்தைகளுக்குச் சில வேளை காணப்படுவது வயிற்றுக்கும் விரைப்பைக்கும் இடையிலுள்ள வழி மூடாமையால் வருவது. அது பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே மறைந்துவிடும். மறையாவிடில் மருத்துவரிடம் காட்டவேண்டும். அடிபடுவதாலும், விரையில் ஏற்படும் அழற்சியாலும், அரிதாகக் கட்டியாலும் நீர் கோப்பதுண்டு. யானைக்கால் நோய் நிலவிவந்த பகுதிகளில் வயது வந்த ஆண்களுக்கு வரும் ஓதத்திற்கோ, முதன்மையான காரணம் யானைக்கால் நோய்ப் புழுவேயாகும்.

யானைக்கால் என்றாலே கும்பகோணத்தைச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. கும்பகோணம் மட்டுமன்றி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர், விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர், கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களிலும் இந்நோய் வேரூன்றி இருந்தது. காலை வீங்கச் செய்யும் நோயும் ஓதத்தைத் தரும் நோயும் வெவ்வேறு என்று மக்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில் இரண்டும் ஒரே புழுவின் வேலை.

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்கள் என்னும் நுண்ணிய குழாய்களும் எங்கும் ஓடுகின்றன. உடலின் இடுக்குகளில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் தொழில். உக்கரேரியா பான்கிராஃப்டி என்னும் புழு இக்குழாய்களில் குடியிருக்கின்றது. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ளது, ஆயினும் நூலிழை போல் மெலிந்தது. ஆண்களிடத்தில் இப்புழுக்கள் விரைக்கு மேலே செல்லும் நிணநீர்க் குழாய்களை விரும்பித் தங்குகின்றன. அவை தங்கிய குழாய் அகன்று, தளர்ந்து, வலுவிழக்கின்றது. புழு மடியும்போது அவ்விடம் அழற்சியுறுகின்றது. வடிகால் கெட்டு நீர் தேங்குவது இவ்வாறே. கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியில் முன்னர் மிகுந்திருந்த மற்றொரு வகைப் புழு, காலையே பெரிதும் தாக்கும். ஓதத்தை அரிதாகவே உண்டாக்கும்.

புழு மனிதனிடமிருந்து மனிதனுக்குச் செல்லும் வழி கொசுவேயாகும். தாய்ப்புழு எண்ணற்ற நுண்புழுக்களை ஈனுகின்றது. அவை பகலில் உடலின் உட்பகுதிகளில் தங்கி, இரவில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களுக்கு வருகின்றன. இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவிலேதான். கொசு உறிஞ்சும் இரத்தத்தோடு நுண்புழுவும் கொசுவின் உடலில் புகுந்து, ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களில் முதிர்ந்து, அடுத்தவரைக் கடிக்கையில் அவர் உடலில் நுழைகின்றது. ஒன்றிரண்டு கடியால் நோய் பற்றிவிடுவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் கடிபடுவதாலேயே பற்றுகின்றது. பலருக்குச் சிறு பிராயத்திலேயே புழு புகுந்துவிடுகின்றது. வீக்கமோ காளைப் பருவத்திலோ நடுவயதிலோதான் வெளிப்படுகின்றது. இன்று காணும் ஓதம், பல ஆண்டுகளுக்கு முன் வீட்டின் பின்புறம் தேங்கிக் கிடந்த சாக்கடையின் விளைவு என்று அறிதல் வேண்டும்.

உண்மை வெளிப்பட்ட வரலாறு

இந்நுண்புழு முதன்முதலாக மனிதக் கண்ணுக்குத் தென்பட்டதே ஓத நீரில்தான். 1863-ஆம் ஆண்டில், கியூபா நாட்டின் ஹவானாவிலிருந்து பாரிஸ் வந்திருந்த ஒருவரின் ஓத நீரைச் சோதித்த டெமார்க்கே என்னும் அறுவை மருத்துவர் அதில் நுண்புழுக்களைக் கண்டார். 1866-இல் பிரேசில் நாட்டில் வூக்கரர் என்பவர் நோயாளியின் சிறுநீரில் அவற்றைக் கண்டார். 1872-இல் நம் நாட்டில், கல்கத்தாவில், லூயிஸ் என்பவர் மனித இரத்தத்தில் அவை உலவுவதைக் கண்டறிந்தார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பான்கிராஃப்ட் என்பவர் முதிர்ந்த புழுவைக் கண்டார். புழுவின் பெயரில் வூக்கரர், பான்கிராஃப்ட் இருவர் பெயரும் நிலைத்திருக்கின்றன. 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், நுண்புழு கொசுவின் உடலில் புகுந்து வளர்வதைக் காட்டினார். எனினும், கொசு இறந்து விழுந்த நீரைக் குடிப்பதால் நோய் வருவதாக அவர் கருதியிருந்தார். கடியினாலேயே வருகிறது என்பதற்குச் சான்றாக, முதிர்ந்த புழு கொசுவின் உறிஞ்சு மூக்கில் இருப்பதை 1900-இல் ஜார்ஜ் லோ என்பவர் கண்டார்.

இவ்வரலாற்றை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஓதம் உடற்சூட்டால் வருகிறது, வாயுவால் வருகிறது, மிதிவண்டி மிதிப்பதால் வருகிறது என்றெல்லாம் சொல்லப்படுகின்றது. ஒழுக்கக்கேட்டால் வந்ததென்று பழிப்பாரும் உளர். இவை உண்மையல்ல. இது பெண்ணுறவால் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதன்று, முன்வினைப் பயனுமன்று. கொசுக்கடி நல்லவன் தீயவன் என்று பார்த்து வருவதில்லை. ஆகவே நோயுற்றவன் நாணவேண்டியதும் இல்லை; பிறர் நகைக்கவேண்டியதும் இல்லை.

எல்லா வீக்கமும் ஓதமன்று

விரைப்பையில் தோன்றும் வீக்கம் அனைத்தையும் ஓதமென்று தாமே முடிவுகட்டிக்கொண்டு இருந்துவிடுதல் ஆபத்தாகும். குடலிறக்கம் என்பது வேறு. வயிற்றுச் சுவரின் நலிந்த வழியாகக் குடல் இறங்குவதால் அது வருகின்றது. இருமும்போது பெருத்து, படுத்தால் உள்ளே சென்று மறைவது அதன் வழக்கம். இறங்கிய குடல் திரும்பாமல் சிக்கிக்கொண்டு, நோவும் வாந்தியும் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே கேடாகும். விரைக்குச் செல்லும் சிரைகள் புடைத்துப் புழுக்கூட்டம் போல் கைக்குத் தட்டுப்படும் நோய் ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் இடப்புறம் வரும். நோவில்லாத கெட்டியான கட்டி விரையிலேயே தென்பட்டால், அது புற்றுநோயா என்று அறிய மருத்துவரிடம் விரைந்து காட்டுதல் அவசியம். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் திடீரென விரையில் கடும் நோவு எழுந்தால், விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் சிகிச்சை செய்தால் விரை பிழைக்க வாய்ப்பு மிகுதி. இத்தகைய வேளையில், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

மருத்துவர் கையால் தடவியும், வீக்கத்தின்மேல் விளக்கொளி பாய்ச்சியும், தேவைப்பட்டால் ஒலியலைக் கருவியால் படம் எடுத்தும் இன்ன நோயென்று தெளிவர். தெளிந்த நீர் கோத்த பை ஒளியில் செந்நிறமாக ஒளிரும். உயிருள்ள புழுக்கள் நெளிவதையும் ஒலியலைப் படத்தில் சில வேளை காணலாம். நுண்புழுவை அறிய இரவில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதுண்டு. பகலிலும் செய்யத்தக்க விரைவுச் சோதனைப் பட்டைகளும் இப்போது வந்துள்ளன. ஓதமுள்ளவர் இரத்தத்தில் நுண்புழு இல்லாதிருப்பதும் உண்டாதலால், இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று கேட்டவுடன் சிகிச்சையைக் கைவிட்டுவிடலாகாது.

பற்றும் பச்சிலையும்

கழற்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது நம் கிராமங்களில் நெடுநாளாக வழங்கிவரும் வைத்தியம். இவ்விதக் கட்டுகளால் சற்று இதமாக இருக்கலாம். பெருத்துவிட்ட பையிலுள்ள நீர் அவற்றால் வற்றிப் போவதில்லை. இதத்தை நம்பிச் சிகிச்சையைப் பத்தாண்டு தள்ளிப்போடுதலே தீங்கு. சூடு போடுதலும், தேர்ச்சியற்றவர்களைக் கொண்டு கீறிவிடுதலும் பெருந்தீங்கு. புண் சீழ் பிடித்து விரையையே இழக்க நேரிடும்.

ஊசியால் நீரை இறைத்துவிட்டால் என்ன என்று சிலர் வினவுவர். ஊற்றை அடைக்காமல் கிணற்று நீரை இறைப்பது போன்றது அது. சில வாரங்களில் நீர் மீண்டும் ஊறிவிடும். ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமி புகவும் இரத்தம் கசியவும் இடமுண்டு. ஆதலின் நிலையான சிகிச்சையாக மருத்துவர்கள் அதனைக் கொள்வதில்லை.

அறுவைச் சிகிச்சை

பெருத்துவிட்ட ஓதத்திற்கு உரிய சிகிச்சை அறுவையே. அவ்விடத்தையோ, இடுப்புக்குக் கீழ்ப்பகுதியையோ மரக்கச் செய்து, விரைப்பையைத் திறந்து, நீரை வெளியேற்றி, நீர் சுரக்கும் சவ்வுறையை வெட்டி நீக்குவர். அல்லது அதனை உட்புறம் வெளியாகத் திருப்பித் தைத்துவிடுவர். உறை இல்லாதபோது நீர் கோக்க இடமில்லை. இது அறுவைச் சிகிச்சைகளுள் எளியவற்றில் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் இதனைச் செய்துகொள்ளலாம். காய்ச்சலும் நோவும் சிவப்பும் உள்ள வேளையில் அறுவை செய்வதில்லை. அவை தணிந்த பின்னரே செய்வர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அவற்றை முன்னரே கட்டுக்குள் கொண்டுவருதல் நலம்.

அறுவைக்குப் பின் சில நாட்கள் ஓய்வு வேண்டும். புண் நனையாமலும் அழுக்குப் படாமலும் இருக்கவேண்டும். விரைப்பையைத் தாங்கி நிற்குமாறு இறுக்கமான உள்ளாடை அணிதல் வீக்கத்தைக் குறைக்கும். சில வாரங்கள் சற்று வீக்கம் இருப்பது இயல்பு. அதனால் நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சவேண்டியதில்லை. காய்ச்சல் கண்டாலோ, சீழ் வடிந்தாலோ, வீக்கம் திடீரெனப் பெருத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். மூட்டை தூக்குதல், மரம் ஏறுதல் போன்ற கடும் வேலைகளை 4 முதல் 6 வாரம் வரை விலக்கி, மருத்துவர் சொன்ன பின்னரே தொடங்கவேண்டும்.

ஆறு வாரம் வேலையை விட்டால் குடும்பம் என்னாவது என்பது கூலி வேலை செய்வோரின் நியாயமான கவலை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓதத்தின் தொல்லையால் ஒருவர் மாதத்திற்கு மூன்று நாள் வேலையை இழப்பதாகக் கொண்டால், ஓராண்டில் இழப்பது 36 நாள். பத்தாண்டில் 360 நாள். அறுவைக்குப் பின் ஓய்வோ 42 நாள் மட்டுமே. ஓய்வு நாட்களை நடவும் அறுவடையும் இல்லாத காலத்தில் அமைத்துக்கொண்டால் இழப்பு இன்னும் குறையும். உழவுக்கு நாள் பார்ப்பது போலவே இதற்கும் காலம் பார்த்து முடிவு செய்யலாம்.

சில ஐயங்கள்

இவ்வறுவை செய்துகொண்டால் ஆண்மை போய்விடுமா? போகாது. நீக்கப்படுவது நீர் சுரக்கும் உறையே. விரை தன் இடத்திலேயே இருக்கின்றது. இது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையன்று. அவ்வறுவையில் விந்து செல்லும் குழாயைத் துண்டிக்கின்றனர். இதில் அக்குழாயைத் துண்டிப்பதில்லை. உண்மையில், பெரிய வீக்கத்தால் தடைப்பட்டிருந்த இல்லற வாழ்வு சிகிச்சைக்குப் பின் சீரடைவதே வழக்கம்.

ஓதமுள்ளவருக்குக் குழந்தை பிறக்குமா? சிறிய ஓதமுள்ளவர் பலர் தந்தையராகவே இருக்கின்றனர். விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதே, விரையை உடற்சூட்டினும் சற்றுக் குறைந்த சூட்டில் வைப்பதற்காகும். பெரிய நீர்ப்பை சூழ்ந்து நெடுங்காலம் அழுத்துமாயின், விந்து உற்பத்தி குறையவும் கூடும். குழந்தை இல்லாத வீட்டில் பெண்ணையே குறை கூறும் வழக்கம் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும் என்பதை இங்கு வற்புறுத்திக் கூறுகிறோம்.

திருமணத்திற்கு முன் இளைஞர் ஒருவருக்கு வீக்கம் தெரிந்தால், மறைத்து மணமுடிப்பதைக் காட்டிலும், சிகிச்சை செய்துகொண்டு மணமுடிப்பதே இரு வீட்டாருக்கும் நன்று.

மாத்திரையின் பயன்

நம் நாட்டில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கப்பெற்றது. 1997-இல் உலகச் சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. 2004 முதல் நம் நாடெங்கும், நோய் நிலவிய மாவட்டங்களில், ஆண்டுக்கொரு முறை மக்கள் அனைவருக்கும் டைஈதைல்கார்பமசின் என்னும் டி.இ.சி. மாத்திரை வழங்கப்பட்டது; பின்னர் அதனுடன் அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. நோயில்லாதவருக்கு எதற்கு மாத்திரை என்று பலர் வாங்கி வைத்துவிட்டு உண்ணாமல் விட்டனர். நுண்புழுவை இரத்தத்தில் தாங்கியிருப்போரில் பெரும்பாலோர்க்கு வெளியில் ஓர் அறிகுறியும் தெரிவதில்லை. அவரிடமிருந்தே கொசு புழுவை எடுத்துச் செல்கிறது. ஆதலால்தான் அனைவரும் உண்ணவேண்டும் என்றனர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், கடும் நோயாளிகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

மாத்திரை இரத்தத்திலுள்ள நுண்புழுவை அழிக்கின்றது; தாய்ப்புழுவிலும் ஒரு பகுதியைக் கொல்கின்றது; பரவுதலைத் தடுக்கின்றது. பெருத்துவிட்ட ஓதத்தை அது வற்றச் செய்யாது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமையால், மாத்திரை உண்டும் வீக்கம் குறையவில்லை என்று சிலர் மனந்தளர்கின்றனர். மாத்திரை வரப்போகும் நோயைத் தடுக்கும். வந்துவிட்ட ஓதத்தை அறுவையே நீக்கும்.

அண்டை நாடாகிய இலங்கை, இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒப்புதல் அளித்தது. நம் நாடு 2027-க்குள் அந்நிலையை எய்துவதாக 2023-இல் அறிவித்துள்ளது. இவ்வொப்புதலைப் பெறுதற்குப் பரவுதல் நின்றுவிட்டதைக் காட்டினால் மட்டும் போதாது. ஏற்கெனவே கால் வீக்கமும் ஓதமும் உற்றவர்களுக்குச் சிகிச்சை கிட்டுகிறது என்பதையும் காட்டவேண்டும். மறைந்திருக்கும் நோயாளியைக் கண்டுபிடிப்பது இவ்வாறு ஒரு நாட்டுப் பணியாகவும் ஆகிவிடுகின்றது.

ஊராட்சி செய்ய வேண்டுவன

முதலாவது, நோயாளிகளை அறிதல். வீடுதோறும் வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர் பெண்ணாதலின், அவரிடம் இதனைக் கூற ஆடவர் கூசுவது இயல்பு. ஆகவே சுகாதார ஆய்வாளரைக் கொண்டு, ஆண்களுக்கென்று மட்டும், மாலை வேளையில், தனியறையில் ஒரு சோதனை முகாம் நடத்துமாறு ஊராட்சி ஆரம்பச் சுகாதார நிலையத்தைக் கேட்கலாம். வருபவர்களின் பெயர்கள் கிராம சபையில் படிக்கப்படலாகாது. தேநீர்க் கடையில் பேசப்படவும் கூடாது. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை உண்டானால், முதலில் ஒருவர் வருவார். அவர் குணமடைந்ததைக் கண்டு மற்றவர் வருவர்.

இரண்டாவது, துணை. மருத்துவமனைக்கு உடன் செல்ல ஆளில்லாமையாலேயே பலர் அறுவையைத் தள்ளிப்போடுகின்றனர். ஒருவர் சென்றுவரும் நாட்களில் அவர் மாட்டைப் பார்த்துக்கொள்வதும், வயலுக்கு நீர் பாய்ச்சித் தருவதும் அண்டை வீட்டாரால் இயலாத காரியங்கள் அல்ல. வார்டு உறுப்பினர் முன்னின்று இதற்கு ஏற்பாடு செய்தால், அவ்வுதவி பணத்தினும் பெரிது.

மூன்றாவது, கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்தல். கியூலெக்ஸ் கொசு தேங்கிய அழுக்கு நீரில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைத் தெப்பம் போல் இடுகின்றது. நம் நாட்டின் வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே சாக்கடைகளை வாரம் ஒரு முறையேனும் நீரோடச் செய்துவிட்டால், புழுப் பருவத்திலேயே கொசு அழியும். வீட்டுக் கழிவுநீரைத் தெருவில் விடாது உறிஞ்சு குழியில் விடவேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியில் பெரிய கற்களை அடியிலும் சிறியவற்றை மேலுமாக நிரப்பி மூடிவிட்டால் ஒரு குடும்பத்தின் கழிவுநீரை அது ஏற்கும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டரேனும் தள்ளி அமைக்கவேண்டும். காவிரிப் படுகையைப் போன்ற களிமண் நிலத்தில் நீர் எளிதில் இறங்காது. அத்தகைய ஊர்களில் கழிவுநீரை வாழைக்கும் சேம்புக்கும் பாயவிடுவதே நலம். அங்கும் நீர் தேங்காதவாறு பாத்தி பிரித்து மாற்றிவிடவேண்டும்.

கழிவறைகள் பெருகிவரும் இந்நாளில் நாம் கவனிக்கத் தவறும் ஓர் இடம் உண்டு. அது கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய். திறந்திருக்கும் அக்குழாய் வழியாகக் கொசு உள்ளே சென்று முட்டையிட்டுப் பெருகுகின்றது. குழாயின் வாயில் ஒரு துண்டு வலை கட்டுவதும், தொட்டி மூடியின் வெடிப்பைச் சிமெண்டால் பூசுவதும் சில ரூபாய்களில் முடியும் வேலை. ஓர் ஊரிலுள்ள குழாய்கள் அனைத்திற்கும் ஒரே வாரத்தில் வலை கட்டிவிட ஊராட்சி தீர்மானித்தால் அது நடக்கும். 1975-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை அந்நகரில் நடத்திய பணியில், கொசு பிறக்கும் இடங்களைக் குறைப்பதையே முதன்மையாகக் கொண்டது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

நான்காவது, கொசுவலை. இரவில் வலைக்குள் உறங்கும் குழந்தை, நடுவயதில் ஓதத்துக்கு ஆளாகாமல் தப்புகின்றது. திருமணத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் பித்தளைக் குடத்தோடு ஒரு கொசுவலையும் வரிசையாக வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் ஏற்படுமாயின் அது நல்ல வழக்கமே.

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபை கூடும்போது, சாலைக்கும் விளக்குக்கும் தீர்மானம் எழுதுவதோடு, ஆண்களுக்கான சோதனை முகாம் ஒன்றிற்கும், கழிவுநீர் தேங்காமல் காப்பதற்கும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, அதன் நகலை ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைக்குமாறு ஊராட்சி உறுப்பினர்களை வேண்டுகிறோம். இதைப் படிக்கும் உழவர்களுள் எவரேனும் இத்துன்பத்தை மறைத்துச் சுமந்துகொண்டிருப்பாராயின், அவர் இனியும் காத்திருக்க வேண்டுவதில்லை. நோய் கண்டறியப்பட்டுவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது, சிகிச்சையும் அருகில் இருக்கின்றது. நாணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து மருத்துவரிடம் ஒரு நாள் சென்றுவருவதே அவர் செய்யவேண்டியது.